விறகு வாங்கும்போது தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்

பட்டணத்தை விட்டு ஊர்ப்பக்கம் வந்து வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்போது கொல்லையில் ஒரு விறகு அடுப்பும், குளியலறைக்கு வெளியே ஒரு வெந்நீர் பாய்லரும் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே கேஸ் இருந்தாலும் நெல் அவிக்க, நாலு பேர் விருந்தாளி வந்தால் பெரிய அண்டாவில் பொங்க, மழைநாளில் வீட்டில் எல்லோருக்கும் வெந்நீர் போட விறகு தேவைப்படுகிறது. அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள் விறகை மட்டும் போனில் "ஒரு லோடு இறக்கிடுங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வந்து இறங்கியதில் பாதி எரியாமல் புகைகிறது. கண் எரிகிறது, பாத்திரத்தில் கரி ஏறுகிறது, பழி அடுப்புக் கட்டியவர் மேல் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் அடுப்பு சரியாகத்தான் இருக்கும். விறகு ஈரமாக இருக்கும்.

இங்கே எழுதுவது கடலூர், பண்ருட்டிப் பக்கத்து நிலவரத்தை வைத்து. சவுக்கும் முந்திரியும் பலாவும் உள்ள ஊர் இது. உங்கள் ஊரில் மரம் வேறாக இருக்கலாம். வாங்கும் முறை ஒன்றுதான்.

முதலில் ஈரக் கணக்கு

நம் ஊரில் விறகு எடைக்குத்தான் விற்கிறது. கடையில் கிலோ, மொத்தமாக வாங்கினால் டன். எடைக்கு விற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தில், மரத்தைப் பொறுத்து, எடையில் 40 முதல் 50 சதவீதம் தண்ணீர். நன்றாக வெயிலில் காய்ந்த விறகில் அது 15 முதல் 20 சதவீதம். முழுக்கத் தண்ணீரே இல்லாத விறகு வெளியில் கிடைக்காது, அதற்கு அவசியமும் இல்லை. 20 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் அடுப்புக்குப் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 சதவீத ஈரமுள்ள பச்சை விறகு 100 கிலோ வாங்குகிறீர்கள். அதில் மரம் 50 கிலோ, தண்ணீர் 50 கிலோ. காயவைத்து ஈரம் 20 சதவீதத்துக்கு வந்ததும் எடை போட்டால் 62.5 கிலோதான் இருக்கும். மீதி 37.5 கிலோ காற்றில் போய்விட்டது. அதற்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், வண்டி வாடகையும் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே பச்சை விறகு கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த விறகுக்கு 8 ரூபாய் வரை கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. இந்த 1.6 மடங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காய்ந்ததற்குக் கூடுதல் விலை சொன்னால் அது நியாயமா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

எரியும்போது நட்டம் இன்னும் பெரிது. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு உங்கள் பாத்திரத்துக்குப் போக வேண்டியது. 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 கிலோ கலோரி தரும். 50 சதவீத ஈரமுள்ளது 1,900 தான் தரும். அதோடு, ஈர விறகில் தீ சூடேறாமல் மந்தமாக எரிவதால் மரத்திலிருந்து வரும் ஆவிகள் எரிந்து தீராமல் புகையாகவே வெளியேறுகின்றன. புகைப்போக்கியின் உள்பக்கம் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். ரொம்ப நாள் சேர்ந்தால் அதுவே தீப்பிடிக்கும்.

எவ்வளவு வேண்டும்?

புதிதாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்காமல் ஒன்று ரொம்பக் குறைவாக வாங்குகிறார்கள், இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஆகிற அளவு இறக்கிக் கறையானுக்குக் கொடுக்கிறார்கள்.

பாய்லருக்குக் கணக்கு சுலபம். நான்கு பேர் உள்ள வீட்டில் காலையில் 60 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்குகிறீர்கள் என்றால் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் 1,980 கிலோ கலோரி. நடுவில் குழாய் போகிற சாதாரண பாய்லர், எரிகிற சூட்டில் கால் பங்கைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த விறகு ஒரு நாளைக்கு 2.3 கிலோ. மாதத்துக்கு 70 கிலோ. அதே வேலைக்கு ஈர விறகு நாளைக்கு 4 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

சமையல் அடுப்புக்கு இப்படி ஒரே கணக்குச் சொல்ல முடியாது. மூன்று கல் வைத்த அடுப்பு எரிகிற சூட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். விறகு அடுப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13152 முத்திரை உள்ள அடுப்பு என்றால், காற்றாடி இல்லாததற்குக் குறைந்தது 25 சதவீதம், காற்றாடி வைத்ததற்கு 35 சதவீதம் தர வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அடுப்பைப் பொறுத்து விறகுச் செலவு மூன்று மடங்கு மாறும் என்பதால் உங்கள் வீட்டிலேயே அளந்து பார்ப்பதுதான் வழி. முதலில் 50 கிலோ மட்டும் வாங்குங்கள். ஒரு வாரம், எரிக்கப் போகும் விறகை அன்றன்று எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கு ஆகிற அளவையும், அதற்கு மேல் கால் பங்கையும் சேர்த்து வாங்கி வைத்தால் மழைக்காலம் ஓடிவிடும்.

எப்போது வாங்குவது?

மாசியிலிருந்து சித்திரைக்குள். நம் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. செப்டம்பர் கடைசியில் விறகு தேடிப் போனால், எல்லோரும் அப்போதுதான் தேடுவார்கள்; காய்ந்தது முடிந்துபோய், நேற்று வெட்டியது மிஞ்சியிருக்கும். மழை பிடித்துவிட்டால் அதைக் காயவைக்க வழியே இல்லை.

மாசியில் பச்சையாகவே வாங்கினாலும் பரவாயில்லை, விலையில் அந்த ஈரத்தைக் கழித்து வாங்கினால். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து அடுக்கினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் சவுக்கும் சீமைக் கருவேலமும் காய்ந்துவிடும். புளிய மரத்தின் அடிக்கட்டை போன்ற பெரிய உருப்படிகளைப் பிளக்காமல் போட்டால் ஒரு கோடை போதாது. மேலே காய்ந்த மாதிரி இருந்து, உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

பணமும் இடமும் இருக்கிறவர்களுக்கு என் யோசனை: இந்தக் கோடையில் பச்சையாகக் குறைந்த விலைக்கு வாங்கி, பிளந்து அடுக்கி, மழைக்கு எரிக்கலாம். இடம் இல்லாதவர்கள் காய்ந்ததையே கூடுதல் விலைக்கு, மாதாமாதம் கொஞ்சமாக வாங்குவது நல்லது. நடுவில் நின்றுகொண்டு, எரிக்கிற வாரத்தில் பச்சை விறகை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதுதான் எல்லா விதத்திலும் நட்டம்.

எந்த மரம்?

இதில்தான் எல்லோரும் அதிக நேரம் பேசுவார்கள். ஆனால் எடைக்கு வாங்குகிற ஊரில் மரத்தின் சாதி நாம் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை. காரணம், முழுக்கக் காய்ந்த நிலையில் எந்த மரமானாலும் ஒரு கிலோ தருகிற வெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சவுக்குக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோ கலோரி என்பார்கள். மற்ற மரங்கள் பெரும்பாலும் 4,500-ஐ ஒட்டி வந்துவிடும். பத்து சதவீத வித்தியாசம். ஈரத்தால் வரும் வித்தியாசமோ பாதிக்குப் பாதி. மரம் மாறும்போது மாறுவது எரிகிற விதம்: சீக்கிரம் பற்றுமா, நின்று எரியுமா, தணல் தங்குமா, புகையுமா, பிளக்க வருமா. அதைப் பார்த்து உங்கள் வேலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

கடலோரத்தில் முதலிடம் சவுக்குக்கு. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் மணல் நிலங்களில் தோப்புத் தோப்பாக வளர்கிறது. நட்டு நாலைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். நேரான அடிமரம் காகித ஆலைக்கும், கழிகள் பந்தல் போடவும் சாரம் கட்டவும் போய்விடும். விறகாக நமக்குக் கிடைப்பது நுனிக் கழி, மிலாறு என்கிற மெல்லிய குச்சிகள், வேர்க்கட்டை. மூன்றும் மூன்று குணம். மிலாறு குபுகுபுவென்று பற்றும், சடசடவென்று தீர்ந்துவிடும். அடுப்பு மூட்டவும் தோசைக்கல்லுக்கும் நல்லது. கழி சமையலுக்கு ஏற்றது, தீயை ஏற்றி இறக்கலாம். வேர்க்கட்டை பாய்லருக்கும் நெல் அவிக்கவும். ஒன்றைச் செருகிவிட்டால் நெடுநேரம் கவலையில்லை. ஆனால் வேர்க்கட்டை வாங்கும்போது கவனம்: மணல் நிலத்திலிருந்து பிடுங்கியது, இடுக்கெல்லாம் மணல் ஒட்டியிருக்கும். அதுவும் எடையில் ஏறும். ஒரு கட்டையை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், கொட்டுகிற மணலைப் பார்த்து விலை பேசுங்கள். வெட்டும்போது கோடாலி வாய் மழுங்குவதும் இந்த மணலால்தான்.

சவுக்கு பச்சையாகவே எரியும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். எரியும், உண்மைதான். மற்ற மரங்களைவிட நன்றாகவே எரியும். ஆனால் அந்த ஈரத்துக்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், ஆவியாக்கச் சூடும் செலவாகிறது. அந்தப் பேச்சை விலையைக் குறைக்காததற்குக் காரணமாக ஏற்காதீர்கள்.

அடுத்தது சீமைக் கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இதுதான் விறகு. அங்கே மூட்டம் போட்டுக் கரியாகவும் எடுக்கிறார்கள். கெட்டியான மரம், மெதுவாக எரிந்து நல்ல தணல் தரும். ஏரி குளங்களில் மண்டிக் கிடப்பதை ஏலம் எடுத்து வெட்டி விற்கிறார்கள். இதை வாங்கி எரிப்பதில் எனக்கு முழுச் சம்மதம். இந்த மரத்தை எவ்வளவு வெட்டினாலும் நம் ஏரிகளுக்கு நல்லதுதான். முள்தான் தொல்லை. முள் கழிக்காத லோடை விலை குறைவு என்று இறக்கிவிடாதீர்கள். காலில் ஏறினால் வீங்கிப் பல நாள் வலிக்கும், குழந்தைகள் ஓடுகிற கொல்லையில் சிதறினால் பொறுக்கி மாளாது. நாட்டுக் கருவேலம் கிடைத்தால் அதுவும் இதே தரம்.

புளி நல்ல சூடு, தணல் நெடுநேரம் நிற்கும், பிரியாணி தம் போடுகிறவர்கள் தேடி வாங்குவார்கள். பிளப்பதுதான் பெரும்பாடு. நார் முறுக்கிக்கொண்டு ஆப்பு இறங்காது. புளி வாங்கினால் பிளந்தே வாங்குங்கள். மா நடுத்தரம், வேம்பும் அப்படித்தான், எரிக்க மனம் வராத வீடுகளும் உண்டு. தைலமரம் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாலிக்கு அடங்காது. கன்னியாகுமரிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் விறகு நன்றாக எரியும், ஆனால் சீக்கிரம் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் பிடிக்கும். அதை அடுத்த வருடத்துக்கு என்று சேர்த்து வைக்கக் கூடாது. முருங்கை, இலவம், கல்யாண முருங்கை மூன்றும் லேசு. பற்றியதும் தீர்ந்துவிடும், தணலே நிற்காது. தோட்டத்தில் சும்மா கிடைத்தால் எரிக்கலாம், காசு கொடுத்து வேண்டாம்.

முந்திரி விறகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் அது அதிகம். காய்ந்த முந்திரிக் கட்டை நல்ல சமையல் விறகு. பச்சை மரத்தின் பால் கையில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும், அதனால் உறை போட்டுக் கையாளுங்கள். ஆனால் முந்திரிக் கொட்டையின் ஓட்டை ஒருபோதும் வீட்டு அடுப்பில் போடக் கூடாது. கொட்டை உடைக்கும் ஊர்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், எரிந்தால் நல்ல சூடு என்பதும் உண்மை. அந்த ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை அரிக்கிற எண்ணெய். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும்.

தென்னை வளர்க்கிறவர்கள் பாதி விறகைக் காசில்லாமல் பெற்றுவிடலாம். கொட்டாங்குச்சி கடும் சூடு. இரண்டு மூன்று போட்டால் அணையப் போகிற அடுப்பு எழுந்துகொள்ளும். பாளையும் பன்னாடையும் காய்ந்த ஓலையும் அடுப்பு மூட்டப் போதும். பாலித்தீன் பையையும் மண்ணெண்ணெயையும் தேடவே வேண்டாம்.

இன்னொன்று புயல் விறகு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரில் கரை கடந்தபோது முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா வந்து டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தது. இப்படிப் புயலுக்குப் பிறகு விறகு மலிவாகக் குவியும். மரம் வளர்த்தவருக்கு அது பெரிய இழப்பு. அவரிடமே நேரில் போய் வாங்க முடிந்தால் நாலு காசு அவர் கைக்கே போகட்டும். ஆனால் அது நிறைய ஈரத்தோடு, மழைக்கு நடுவில் வருகிற விறகு என்பதை மறக்காதீர்கள். அதை அடுத்த கோடைக்குப் பின் எரிக்கிற விறகாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்று என்ன பார்ப்பது?

போனில் வாங்காதீர்கள். நேரில் போங்கள், காலையில் போங்கள். குவியலின் மேலே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொன்று உருவி எடுக்கச் சொல்லுங்கள். "அண்ணே, இது வெட்டி எத்தனை மாசம் ஆச்சு? பிளந்து போட்டு எத்தனை நாள்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெட்டி ஆறு மாதம் ஆகியும் முழுக்கட்டையாகக் கிடந்திருந்தால் அது காய்ந்த விறகில்லை. மரம் பட்டை வழியாக அவ்வளவாகக் காய்வதில்லை, பிளந்த முகத்தின் வழியாகவும் வெட்டிய முனை வழியாகவும்தான் காய்கிறது.

பிறகு முனையைப் பாருங்கள். காய்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்புகள் ஓடியிருக்கும். நிறம் மங்கிச் சாம்பல் தட்டியிருக்கும். பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். பச்சைக் கட்டையில் பட்டை ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் உள்ளே ஈரமான பச்சையோ வெளிர் மஞ்சளோ தெரியும், சாறு வாசனையும் வரும். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அமுங்கும். நாலைந்து ஜோடி தட்டிப் பழகிவிட்டால் காதே சொல்லிவிடும். வெடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். தடித்த கட்டையில் முனை வெடித்து நடு ஈரமாக இருப்பது சகஜம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒன்றைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். பிளந்த புது முகத்தில் புறங்கையை வைத்தால் ஈரம் சில்லென்று தெரியும். இணையத்தில் இரண்டு ஊசி வைத்த சின்ன ஈரமானி விற்கிறது; அடிக்கடி வாங்குகிறவர் ஒன்று வாங்கி வைக்கலாம். அதை வெளிப்பக்கத்திலோ முனையிலோ குத்தக் கூடாது, புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். இன்னொரு விஷயம்: இந்தக் கருவிகள் பெரும்பாலும் தண்ணீரைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன. மேலே நான் சொன்னது மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆகவே கருவியில் 25 என்று காட்டினால் நம் கணக்கில் அது 20. கருவி 25-க்குக் கீழே காட்டினால் எரிக்கலாம்.

கருவி இல்லாதவர்களுக்குத் தராசு போதும். வீட்டுக்கு வந்த விறகில் ஒரு துண்டை எடுத்து எடை எழுதி, வெயிலில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் இன்னும் காய்கிறது. இரண்டு வாரம் அதே எடையில் நின்றால் அந்த அடுக்கு எரிக்கத் தயார்.

உளுத்த கட்டையையும் கவனியுங்கள். கையில் எடுத்தால் அட்டை போல லேசாக, நகம் பதிகிற மாதிரி இருந்தால் பூஞ்சை அதன் சத்தைத் தின்றுவிட்டது. மழையில் நனைந்தால் அது தண்ணீரை உறிஞ்சி எடை கூட்டும். மண் குழாய் ஒட்டியிருந்தால் கறையான். அந்த லோடை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

பருமனையும் நீளத்தையும் பேசி வாங்க வேண்டும். உங்கள் அடுப்பு வாயை முதலில் அளந்துகொண்டு போங்கள். சமையல் அடுப்புக்கு ஒரு முழ நீளம், மணிக்கட்டுப் பருமன் வசதி. பாய்லருக்கு இன்னும் குட்டையாக வேண்டியிருக்கும். கடையிலேயே அறுத்துப் பிளந்து தந்தால் கூலியைத் தனியாகக் கேட்டு விலையோடு சேர்த்துப் பாருங்கள்; வீட்டில் ஆள் வைத்துப் பிளப்பதைவிடப் பெரும்பாலும் அதுவே குறைவு.

எடை

கொஞ்சமாக வாங்கும்போது தராசில் எடை முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கட்டுக் கணக்கில், சுமைக் கணக்கில் வாங்கினால் ஒரு கட்டு விறகையாவது எடை போட்டு, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள்.

லோடாக வாங்கினால் "ஒரு குட்டியானை", "ஒரு டிராக்டர்" என்ற பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கோணல் கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டால் வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும். வழியில் உள்ள எடை மேடையில் வெறும் வண்டிக்கு ஒரு சீட்டு, விறகு ஏற்றியபின் ஒரு சீட்டு. இரண்டையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், கழித்து வருவதற்குத்தான் காசு. மழை பெய்த மறுநாள் எடை போடாதீர்கள். ஏற்றும்போது ஆள் பக்கத்தில் நிற்பது நல்லது. மேலே காய்ந்ததும் நடுவில் பச்சையும் வைத்து வருகிற லோடு உண்டு. ஏற்றிமுடித்து வீட்டில் இறக்கியபின் அதைப் பேசித் தீர்ப்பது கஷ்டம். முன்பணம் கொஞ்சம், மீதி இறக்கிப் பார்த்தபின் என்று முன்பே பேசிவிடுங்கள். நல்ல வியாபாரிகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் விலை கொஞ்சம் கூடினாலும் அவரை விடாதீர்கள்.

வாங்கவே கூடாதவை

பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். பிளைவுட்டும் துகள் பலகையும் பிசினால் ஒட்டியவை, அந்தப் பிசின் எரிந்து வரும் புகை வீட்டுக்குள் இருக்கக் கூடாதது. கறையான் மருந்து ஊறவைத்த மரமும் அப்படியே. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று இவற்றை ஏற்றிக்கொண்டு வராதீர்கள். அறுவை ஆலையில் மிஞ்சுகிற பட்டைப் பலகைகள் வேறு, அவை நல்ல விறகு. பச்சை மரத்திலிருந்து அறுத்தவை என்பதால் காயவைத்து எரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரளிக் குச்சியை வேலி வெட்டும்போது விறகோடு கலந்துவிடுவார்கள். அது விஷச்செடி, புகையும் ஆகாது. அதன் குச்சியில் எதையும் செருகிச் சுடவும் கூடாது. பிச்சாவரம் பக்கம் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் குருடாக்கக் கூடியது, புகையும் கண்ணைக் கெடுக்கும். அந்த அலையாத்திக் காடு காப்புக்காடு என்பதால் அங்கே வெட்டுவதும் குற்றம். பொதுவாகவே காப்புக்காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் வாங்காதீர்கள். பட்டா நிலத் தோப்பில் வெட்டியதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்தபின்

நல்ல விறகை வாங்கி மண்ணில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் ஒரே மழையில் வாங்கியதெல்லாம் வீண். தரையிலிருந்து ஈரமும் கறையானும் ஏறும், தார்ப்பாய்க்குள் புழுக்கம் பிடித்துப் பூஞ்சை பூக்கும். செங்கல்லோ கருங்கல்லோ வைத்து, அதன்மேல் இரண்டு கழி போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்குங்கள். பிளந்த முகங்களுக்கு இடையே காற்றுப் போக வேண்டும். மேலே ஒரு சார்ப்பு, ஓடோ தகரமோ. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மழைச்சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் கீற்று வைத்து மறைக்கலாம்.

வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். கறையான் விறகிலிருந்து நிலைக்கதவுக்குப் போக அதிக நாள் ஆகாது. அடுக்கில் தேளும் பூரானும் பாம்பும் தங்கும். இருட்டில் கைவிட்டு எடுக்காதீர்கள், விளக்கடித்து, ஒரு கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். குழந்தைகளை விறகு எடுக்க அனுப்புவதாக இருந்தால், பகலிலேயே அன்றைக்கு ஆகிறதை எடுத்து அடுப்படி ஓரம் வைத்துவிடுங்கள்.

இரண்டு அடுக்காக வைத்தால் வசதி. பழையது ஒன்று, புதியது ஒன்று. வாங்கிய மாதத்தைச் சுண்ணாம்பால் ஒரு கட்டையில் எழுதி முன்னால் செருகிவிட்டால் எது பழையது என்று வீட்டில் யாருக்கும் குழப்பம் வராது. அடுத்த இரண்டு நாளுக்கான விறகை அடுப்புக்குப் பக்கத்தில், தணல் தெறிக்காத தூரத்தில் வைத்தால் மழைநாள் ஈரப்பதமும் கொஞ்சம் விட்டுப்போகும்.

முதல் தீயை மூட்டும்போது கட்டையின் வெளிமுனையைக் கவனியுங்கள். நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் வந்தால் அந்த அடுக்கு இன்னும் காயவில்லை. மீதியை நிறுத்திவிட்டு வெயில் காட்டுங்கள். புகைப்போக்கியிலிருந்து பற்றவைத்த பத்து நிமிடத்துக்குப் பிறகும் அடர்ந்த புகை வந்தால் அதற்கும் அதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுப்பை மூடிய அறைக்குள் எரிக்காதீர்கள். குளிருக்கு என்று தணலைச் சட்டியில் எடுத்துப் படுக்கையறைக்குள் வைக்கவே வேண்டாம், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். புகைப்போக்கியை வருடத்துக்கு ஒரு முறை, ஆவணியில், மழைக்கு முன் சுத்தம் செய்துவிடுங்கள். அதே நாளில் விறகு அடுக்கையும் ஒரு முறை பிரித்துப் பார்த்து, அடியில் கறையான் ஏறியிருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் அப்போதும் காய்ந்த விறகு வாங்க ஒரு மாதம் கையில் இருக்கும்.